ஒரே ஒரு தேதிப் பெட்டி: வேலைப்பட்டியல் செயலியோடு மூன்று வருடமாகப் படும் பாடு

#1 கூழாங்கல்

வணக்கம் நண்பர்களே. நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று வருடமாக ஒரே வேலைப்பட்டியல் செயலியைத்தான் பயன்படுத்துகிறேன். சந்தாவும் கட்டுகிறேன். மொழிபெயர்ப்பும் பிழை திருத்தமும் என் தொழில். எந்த நேரமும் ஐந்தாறு கைப்பிரதிகள் கையில் இருக்கும். வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். இரண்டு பக்கத்து வேலைகளும் அந்த ஒரே பட்டியலில் இருக்கின்றன.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 28 நாள் இருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். செயலியில் ‘நான்கு வாரத்துக்கு ஒருமுறை’ என்று போட்டு வைத்திருந்தேன். இந்த முறை அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததால் ஊசி எட்டு நாள் தள்ளிப்போனது. போட்டு முடித்து வந்து டிக் அடித்தேன். செயலி அடுத்த தேதியைப் பழைய கணக்கிலேயே குறித்துக்கொண்டது. 28 நாள் கழித்து வர வேண்டியதை 20 நாளிலேயே காட்டியது. நானும் நம்பி அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விட்டேன். செவிலியர் அட்டையைப் பார்த்துவிட்டு, “இன்னும் எட்டு நாள் இருக்கே” என்று திருப்பி அனுப்பினார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம்தான் இந்தச் செயலி எனக்கு எங்கெல்லாம் ஒத்துவரவில்லை என்று உட்கார்ந்து யோசித்தேன்.

எனக்கு மிகப் பெரிய தொல்லை, ஒரு வேலைக்கு ஒரே ஒரு தேதிதான் கொடுக்க முடியும் என்பது. ஒரு கைப்பிரதியை 30ஆம் தேதி ஒப்படைக்க வேண்டும், 22ஆம் தேதி தொடங்கினால்தான் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 என்று போட்டால், அன்றைய தினம் விடியும்போதுதான் ‘இன்று’ பக்கத்தில் எட்டிப் பார்க்கும். 22 என்று போட்டால், 23ஆம் தேதி காலையில் ‘கெடு தாண்டிவிட்டது’ என்று சிவப்பாக நிற்கும். இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே! இப்படிப் பொய்ச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து, நிஜமாகவே கெடு தாண்டிய வேலை நடுவில் கிடந்தாலும் கண்ணில் படுவதில்லை.

அப்புறம், மாதாமாதம் 31ஆம் தேதி செய்ய வேண்டிய ஒரு கணக்கு வேலை இருக்கிறது. பிப்ரவரியில் 28க்கு வந்தது, சரி. மார்ச்சில் 31க்குத் திரும்பும் என்று நினைத்தேன். திரும்பவில்லை, 28லேயே உட்கார்ந்துவிட்டது.

திரும்ப வரும் வேலைக்குள் துணைவேலைகள் வைத்தால், அடுத்த முறை அவை ஏற்கெனவே டிக் அடித்தபடியே வருகின்றன. தமிழில் தேடினால் பாதி நேரம் கிடைப்பதில்லை.

நான் ஏதாவது செட்டிங்கைத் தவறவிட்டேனா, அல்லது எல்லாச் செயலிகளுமே இப்படித்தானா?

#2 நெறியாளர்

கூழாங்கல், அப்பா நலம் என்று நம்புகிறோம். எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: குறை சொல்லும் செயலியின் பெயர் வேண்டாம். பெயர் வந்ததும் அதன் ரசிகர்களும் எதிரிகளும் வந்துவிடுகிறார்கள், கேள்வி காணாமல் போய்விடுகிறது. ஒரு வசதி எங்கே நன்றாக இருக்கிறது என்று சொல்லப் பெயர் தேவைப்பட்டால் தாராளமாகச் சொல்லலாம்.

#3 தூக்கணாங்குருவி

அந்தப் பொய்ச் சிவப்பு எனக்கும் பழக்கம். நான் செய்வது இது: தேதிப் பெட்டியில் தொடங்கும் நாளைப் போடுவேன். கெடுவைத் தலைப்பின் முன்னாலேயே எழுதிவிடுவேன். ‘30க்குள் – கைப்பிரதி இரண்டாம் பாகம்’ என்கிற மாதிரி. தொடங்கும் நாள் தாண்டினால் காலையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இன்றைக்கு நகர்த்திவிடுவேன். இரண்டு நிமிட வேலைதான்.

#4 கூழாங்கல்

நன்றி தூக்கணாங்குருவி. ஒரு வருடம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் தலைப்பில் எழுதியது செயலிக்கு வெறும் எழுத்து. கெடுவாரியாக வரிசைப்படுத்தச் சொன்னால் அதற்குத் தெரியாது. கெடு மாறினால் நான்தான் ஞாபகமாகத் தலைப்பைத் திருத்த வேண்டும். ஒருமுறை பதிப்பாளர் கெடுவை மூன்று நாள் முன்னுக்கு இழுத்தார். மின்னஞ்சலில் ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டேன், தலைப்பை மாற்ற மறந்துவிட்டேன். ஞாபகம் வைத்துக்கொள்ளத்தானே செயலியே வாங்கினேன்?

#5 நெடுங்கணக்கு

இந்த மாதிரி ஒரு செயலியை உருவாக்கும் குழுவில் நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் உள்விவரம் சொல்கிறேன்.

முதலில் தேதி. தொடங்கும் நாளும் கெடுவும் தனித்தனி என்பது புதுக் கண்டுபிடிப்பே இல்லை. நாட்காட்டிச் செயலிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ‘ஐகேலண்டர்’ என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. 1998இல் வந்த முதல் பதிப்பிலேயே (ஆர்எஃப்சி 2445 என்ற இணையத் தர ஆவணம்) செய்யவேண்டிய வேலைக்குத் தொடக்கத்துக்கு ஒரு புலம் (தகவல் பெட்டி), கெடுவுக்கு ஒரு புலம், முடித்த நேரத்துக்கு ஒரு புலம் என்று மூன்றும் தனித்தனியாக இருந்தன. 2009இல் வந்த திருத்திய பதிப்பிலும் (ஆர்எஃப்சி 5545) அப்படியே இருக்கின்றன. ஆகவே உங்கள் செயலிக்காரர்கள் வழி தெரியாமல் விடவில்லை. திரை எளிமையாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து விட்டிருப்பார்கள். நாங்களும் விட்டோம். புதிதாக வருபவர் முன்னால் இரண்டு தேதிப் பெட்டிகளை வைத்தால் குழம்பிப் போய்விடுவார் என்று கூட்டத்தில் சொன்னவர்களில் நானும் ஒருவன். இப்போது அது தப்பு என்று நினைக்கிறேன். இரண்டாவது பெட்டியை மறைத்து வைத்துக் கேட்பவர்களுக்கு மட்டும் காட்டியிருக்கலாம்.

அடுத்து உங்கள் ஊசி. இதுதான் ஆழமான சிக்கல். நான் சொன்ன அந்தப் பொது வடிவத்தில் திரும்ப வருவதற்கான விதி விரிவாக இருக்கிறது. ‘மாதத்தின் கடைசி வெள்ளி’ என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எல்லாம் தொடக்கத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். ‘நான் முடித்த நாளிலிருந்து 28 நாள்’ என்று சொல்ல அதில் இடமே இல்லை. காரணம், அது கூட்டங்களை மனதில் வைத்து வளர்ந்த விதி. கூட்டம் நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அந்தத் தேதியில் நடந்து முடிந்துவிடும். வேலை அப்படி இல்லை. நீங்கள் செய்தால்தான் முடியும். கூட்டத்துக்கு எழுதிய விதியை வேலைக்கு மாட்டிவிட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

31ஆம் தேதிப் பிரச்சினை வேறு ரகம், அது வெறும் பிழை. ‘ஒவ்வொரு மாதமும் 31’ என்ற விதியைச் சேமித்து வைக்காமல், போன தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஜனவரி 31ஓடு ஒரு மாதம் சேர்த்தால் பிப்ரவரி 28. அதோடு ஒரு மாதம் சேர்த்தால் மார்ச் 28. 31 என்ற செய்தி பிப்ரவரியிலேயே தொலைந்துவிட்டது. ஐகேலண்டர் விதிப்படி நடந்தால், இல்லாத தேதியை அப்படியே தாண்டிவிட வேண்டும். அப்படியானால் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பரில் உங்கள் கணக்கு வேலை வரவே வராது. அதுவும் பலருக்கு ஒத்துவரவில்லை என்பதால் 2015இல் ஒரு கூடுதல் விதி (ஆர்எஃப்சி 7529) வந்தது. தாண்டுவதா, முந்தைய நாளுக்கு இழுப்பதா, அடுத்த நாளுக்குத் தள்ளுவதா என்று நாமே சொல்லலாம். உங்கள் செயலியில் ‘மாதத்தின் கடைசி நாள்’ என்று ஒரு தேர்வு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 31க்குப் பதிலாக அதைப் போடுங்கள்.

#6 கூழாங்கல்

‘கடைசி நாள்’ இருக்கிறது! மூன்றாவது திரையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மாற்றிவிட்டேன். மிக்க நன்றி.

கூட்டம், வேலை வித்தியாசத்தைப் படித்ததும் மனதில் ஏதோ தெளிந்த மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் என்ன தப்பு என்று சொல்லத் தெரியாமலே எரிச்சல் பட்டுக்கொண்டிருந்தேன்.

#7 மின்மினி

நெடுங்கணக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திரும்ப வரும் வேலை ஒரு வகை இல்லை, மூன்று வகை. ஈமேக்ஸ் என்ற எழுத்துத் திருத்தி மென்பொருளில் இருக்கும் ஆர்க்-மோட் இதை அழகாகப் பிரித்திருக்கிறது. 2003இல் தொடங்கிய பழைய கருவி, வெறும் எழுத்துக் கோப்பு. ஆனால் இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவாகச் செய்த வேறெதையும் நான் பார்த்ததில்லை.

முதல் வகை, தவறவிட்டாலும் கடன் நிற்கும் வேலை. மாதக் கட்டணம் கட்டுவது அப்படி. போன மாதம் கட்டவில்லை என்றால் இந்த மாதம் இரண்டு கட்ட வேண்டும். டிக் அடித்தால் தேதி ஒரே ஒரு மாதம் நகர வேண்டும், இன்னும் பாக்கி இருந்தால் அது பழைய தேதியிலேயே நிற்க வேண்டும். ஆர்க்-மோடில் இதற்கு ஒற்றைக் கூட்டல் குறி: +

இரண்டாவது, விட்டது விட்டதுதான், ஆனால் கிழமை மாறக் கூடாது என்கிற வேலை. ஒவ்வொரு ஞாயிறும் அத்தைக்குத் தொலைபேசியில் பேசுவேன். மூன்று ஞாயிறு விட்டுப்போனால் நான்காவது வாரம் நான்கு முறை பேசப் போவதில்லை. அடுத்து வரும் ஞாயிற்றுக்குத் தாவினால் போதும். அதற்கு இரட்டைக் கூட்டல்: ++

மூன்றாவதுதான் உங்கள் ஊசி. தண்ணீர் வடிகட்டியின் ஃபில்டர் மாற்றுவது, செடிக்கு உரம் போடுவது எல்லாம் இதே ரகம். செய்த நாளிலிருந்து எண்ண வேண்டும். புள்ளியும் கூட்டலும்: .+

ஒரு செயலி இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ‘ரிப்பீட்’ என்று பெயர் வைத்தால், மற்ற இரண்டு வகையிலும் தப்பான தேதிதான் காட்டும்.

கைபேசியில் வேண்டும் என்றால் டோடோயிஸ்ட் செயலியில் ‘எவ்ரி’ (ஒவ்வொரு) என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் முடித்த நாளிலிருந்து எண்ணும். திங்ஸ் செயலியிலும் முடித்த பிறகு எண்ணும் தேர்வு உண்டு. அதில் செய்யும் நாளும் கெடுவும்கூடத் தனித்தனி. ஆனால் அது ஆப்பிள் சாதனங்களுக்கு மட்டும்தான்.

#8 பழுப்புத்தாள்

மாற்றுக் கருத்து ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லா வசதியும் இருக்கும் செயலியை இரண்டு வருடம் வைத்திருந்தேன். தொடங்கும் நாள், கெடு, எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த வேலை முடிந்தால் எது தொடங்கலாம், எல்லாம் உண்டு. ஒவ்வொரு வேலையையும் சேர்க்க ஒரு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பட்டியலைத் துடைத்துச் சுத்தம் செய்வேன். கடைசியில் பட்டியல் பளபளவென்று இருந்தது, வேலைகள் அப்படியே இருந்தன. இப்போது ஒரு நோட்டுப் புத்தகம். முந்தின நாள் முடிக்காததைக் காலையில் கையால் திரும்ப எழுதுகிறேன். நாலாவது முறை எழுதக் கை வலிக்கும்போது, அந்த வேலை உண்மையில் தேவையா என்று யோசிக்கிறேன். செயலி அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதே இல்லை.

குறைவான பெட்டிகள் என்பது எல்லாருக்கும் குறை இல்லை என்றுதான் சொல்ல வருகிறேன்.

#9 கூழாங்கல்

கோபம் எதற்கு ஐயா, நீங்கள் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. நான்கு முறை கையால் எழுதும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஊசியை நான் நோட்டில் எழுதினால் அடுத்த நான்கு வாரம் எந்தப் பக்கத்தில் அதை எழுதுவது? நாளை செய்ய வேண்டியதை நோட்டு பார்த்துக்கொள்ளும். நாலு மாதம் கழித்து வரவேண்டியதை யாராவது எனக்காகக் கண் விழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பத்துப் பெட்டி கேட்கவில்லை. இரண்டே இரண்டு கேட்கிறேன்: இரண்டாவது தேதி ஒன்று, ‘எங்கிருந்து எண்ணுவது’ என்ற கேள்வி ஒன்று.

#10 இரவுப்பணி

நான் சுழற்சி முறையில் வேலை பார்ப்பவன். எனக்குத் தேதியைவிட நினைவூட்டல்தான் தலைவலி. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது. இரண்டு மணி நேரம் கழித்துக் கைபேசியைக் கையில் எடுத்ததும் மூன்று நான்கு நினைவூட்டல் சேர்ந்து வந்து விழும். சில நேரம் வரவே வராது. செயலிக்காரர்களுக்கு எழுதினால் ‘மீண்டும் நிறுவிப் பாருங்கள்’ என்கிறார்கள். இதற்கு யாருக்காவது காரணம் தெரியுமா?

#11 நெடுங்கணக்கு

இரவுப்பணி, உங்களுடையது ஆண்ட்ராய்டு என்று நினைக்கிறேன். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்து ‘டோஸ்’ என்று ஓர் உறக்கநிலை இருக்கிறது. சார்ஜில் போடாமல், திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் கைபேசி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். சாதாரண அலாரங்களை எல்லாம் ஒத்திவைத்து, நடுநடுவே கண் திறக்கும்போது மொத்தமாக அடிக்கும். நீங்கள் கையில் எடுத்ததும் சேர்ந்து விழுவதற்கு இதுதான் காரணம்.

உறக்கத்தைத் தாண்டி அடிக்கச் செயலி தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 12இலிருந்து துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதி வந்தது. ஆண்ட்ராய்டு 14இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதி தொடக்கத்தில் மூடியே இருக்கும், நாம்தான் போய்த் திறக்க வேண்டும். ஆகவே ‘மீண்டும் நிறுவிப் பாருங்கள்’ என்ற அறிவுரையால் நிலைமை இன்னும் மோசமாகலாம்! செட்டிங்கில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், அலாரமும் நினைவூட்டலும் என்ற அனுமதியைத் திறந்துவிடுங்கள். அதே பக்கத்தில் பேட்டரிக் கட்டுப்பாட்டையும் தளர்த்துங்கள். ஆண்ட்ராய்டு 13இலிருந்து அறிவிப்பு காட்டுவதற்கே ஓர் அனுமதி வேண்டும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஐஃபோனில் வேறு மாதிரி. ஒரு செயலி கைபேசியிலேயே முன்கூட்டிப் பதிந்து வைக்கக்கூடிய நினைவூட்டல்கள் 64 மட்டுமே. அதற்கு மேல் போனால், நேரத்தில் முந்தி வரும் 64ஐ வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். செயலியைத் திறக்கும்போதெல்லாம் அது அடுத்தடுத்ததைப் பதிந்துகொள்ளும். ஆனால் பத்து நாள் திறக்காமல் இருந்தால் 64ம் தீர்ந்துபோய் மௌனமாகிவிடலாம். தன் சர்வரிலிருந்து அறிவிப்பு அனுப்பும் செயலிகளுக்கு இந்தக் கட்டு இல்லை, ஆனால் அவற்றுக்கு இணையம் வேண்டும். நிறைய நினைவூட்டல் வைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செயலிக்காரர்கள் இதை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

#12 இரவுப்பணி

அனுமதி மூடித்தான் கிடந்தது. திறந்துவிட்டேன். நாளை இரவு வேலை முடிந்து வந்து சொல்கிறேன்.

#13 தாழை

தமிழில் தேடுவது பற்றி யாரும் பேசவில்லையே. கூழாங்கல், உங்களுக்கு எப்படிப்பட்ட சொல் கிடைக்கவில்லை? நான் பார்த்த வரை இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, ‘கொ’ என்ற எழுத்து. இதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். மெய்யோடு ‘ஒ’ குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு விதம். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடு இரண்டையும் ஒன்றுக்கொன்று சமம் என்றே சொல்கிறது. திரையிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் செயலி தேடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவில்லை என்றால், ஒரு விசைப்பலகையில் எழுதிய ‘கொடுக்க’ என்பதை இன்னொன்றில் தட்டித் தேடும்போது கிடைக்காது. ‘கோ’வுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது, நம் சொற்கள் வேற்றுமை ஏறியதும் உருமாறிவிடும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்துக்கு’ வராது. இதை முழுதாகத் தீர்ப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலாவதைத் தீர்க்க ஒரு வரி நிரல் போதும். கேட்டால் செய்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. தலைப்பின் நீளத்தை எழுத்தால் அளக்காமல் பைட்டால் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) அளக்கும் செயலிகள் இருக்கின்றன. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘கொ’ என்பதற்கே ஆறு பைட் போய்விடும். அதனால்தான் சிலருக்குத் தலைப்பு பாதியில் வெட்டுப்படுகிறது.

#14 கூழாங்கல்

தாழை, நீங்கள் சொன்னதேதான்! கணினியில் ஒரு விசைப்பலகை, கைபேசியில் வேறு. ‘தொகுப்பு’ என்று தேடினேன். கணினியில் எழுதியவை மட்டும் வரவில்லை. மூன்று கைப்பிரதிகளைத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

#15 ஆலமரத்தடி

என் கதையையும் சொல்கிறேன், இது சிங்க் (சாதனங்களுக்கு இடையே தகவலை ஒத்திசைப்பது) பற்றி. நானும் என் தங்கையும் ஒரு பட்டியலைப் பகிர்ந்து வைத்திருக்கிறோம். வீடு மாறும் வேலைகள். ரயிலில் இணையம் இல்லாத நேரத்தில் ஒரு வேலைக்குள் இருபது வரிக் குறிப்பு எழுதினேன். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று முழு விவரம். அதே நேரத்தில் அங்கே தங்கை அந்த வேலையின் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறாள். இணையம் வந்ததும் என் இருபது வரியும் போய்விட்டது. அவள் என் குறிப்பைத் தொடவே இல்லை! குப்பைத் தொட்டியிலும் இல்லை, பழைய பதிப்பும் இல்லை. தங்கை அழுதேவிட்டாள், தன்னால்தான் போனது என்று.

#16 நெடுங்கணக்கு

வருத்தமாக இருக்கிறது ஆலமரத்தடி. தங்கைமேல் தப்பே இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். ‘கடைசியாக எழுதியவர் சொல்லே நிற்கும்’ என்ற முறையை மொத்த வேலைக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். தங்கையின் கைபேசி தேதியை மட்டும் அனுப்பாமல், தேதி, தலைப்பு, வெற்றுக் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறது. சர்வர் அதைக் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொண்டது. புலம் புலமாக ஒப்பிட்டிருந்தால் இரண்டு மாற்றமும் பிழைத்திருக்கும்.

பல இடங்களில் நடக்கும் மாற்றங்களை இழப்பில்லாமல் இணைக்க சிஆர்டிடி என்று ஒரு முறை இருக்கிறது. 2011இலேயே அதற்கு முறையான வரையறை கொடுத்துவிட்டார்கள். அந்த அளவுக்குப் போகக்கூட வேண்டாம். மோதல் வந்தால் தோற்ற பதிப்பை ஓரமாக வைத்துக் காட்டினாலே பாதிக் கண்ணீர் மிச்சம். அதுவரை, நீளமான குறிப்பை வேறிடத்தில் எழுதிவிட்டு இணையம் இருக்கும்போது ஒட்டுங்கள்.

#17 மின்மினி

செயலி மாறலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் எக்ஸ்போர்ட் (தகவலைக் கோப்பாக வெளியே எடுப்பது) செய்து பாருங்கள். மாறாதவர்களும் செய்து பாருங்கள். வண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலி ஞாபகம் இருக்கிறதா? 2015இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே 6ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. அப்போது முன்னறிவிப்பும் இடம் மாற வழியும் இருந்தன. எல்லா நேரமும் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது.

எக்ஸ்போர்ட் பொத்தான் இருப்பது மட்டும் போதாது, வெளியே வரும் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு வேலை என்று வரும்போது துணைவேலை எதற்குக் கீழே இருந்தது என்ற உறவு பல செயலிகளில் அறுந்துபோகிறது. முடித்த வேலைகள் வருவதில்லை. திரும்ப வரும் விதி போய், அடுத்த தேதி மட்டும் மிஞ்சுகிறது. இணைப்புக் கோப்புகள் வெறும் முகவரியாக வருகின்றன, கணக்கை மூடியதும் அந்த முகவரியும் செத்துவிடும். இந்த நாலையும் பாருங்கள்.

#18 கூழாங்கல்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக உட்கார்ந்து செய்தவற்றைச் சொல்கிறேன்.

எக்ஸ்போர்ட் செய்து பார்த்தேன். மின்மினி சொன்ன நாலில் மூன்று எனக்கும் உண்டு: துணைவேலைகள் உறவில்லாமல் தனித்தனி வரியாக நிற்கின்றன, முடித்தவை இல்லை, திரும்ப வரும் விதி இல்லை. மூன்று வருடத்தில் அப்பாவுக்கு என்றைக்கெல்லாம் ஊசி போட்டோம் என்ற வரலாறு வெளியே எடுக்க முடியாத இடத்தில் மாட்டியிருக்கிறது. அதனால் முடித்தவற்றின் திரையைப் பார்த்து அந்தத் தேதிகளை மட்டும் கையால் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பழுப்புத்தாள் ஐயாவின் பேச்சு இங்கே உதவியது. மருந்து சம்பந்தப்பட்டது எல்லாம் இனி அந்த நோட்டிலும் இருக்கும்.

முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டிய வேலைகளைப் பிரித்தேன். என்னிடம் இருந்த 41 திரும்ப வரும் வேலைகளில் 17 அந்த வகை. 17ம் இத்தனை நாள் தப்பான தேதி காட்டிக்கொண்டிருந்தன! அவற்றை மட்டும் வேறு செயலிக்கு மாற்றிவிட்டேன். தொழில் வேலைகள் இப்போதைக்குப் பழைய இடத்திலேயே. இரண்டு இடத்தில் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஊசி விஷயத்தில் இனி துணிச்சல் காட்ட மாட்டேன்.

செயலிக்காரர்களுக்கும் எழுதினேன். போன முறை எழுதியபோது ‘ரிப்பீட் சரியாக வேலை செய்யவில்லை’ என்று ஒரு வரி போட்டிருந்தேன், ‘சரியாகத்தான் வேலை செய்கிறது’ என்று பதில் வந்தது. இந்த முறை அவர்கள் தாங்களே செய்து பார்க்கும்படி எழுதினேன்:

‘ஜனவரி 31இல் ஒரு மாதாந்திர வேலை உருவாக்குங்கள். இரண்டு முறை டிக் அடியுங்கள். மார்ச் 28 காட்டும். மார்ச் 31 காட்ட வேண்டும்.

28 நாளுக்கு ஒருமுறை வரும் வேலையை எட்டு நாள் தாமதமாக டிக் அடியுங்கள். அடுத்தது 20 நாளில் வரும். எங்கிருந்து எண்ணுவது என்று நீங்கள் கேட்க வேண்டும்.

‘தொ’ என்ற எழுத்தை ஒரே குறியாக ஒருமுறை, கொம்பும் காலுமாக ஒருமுறை எழுதி இரண்டு வேலை உருவாக்குங்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது.’

#19 தூக்கணாங்குருவி

இதே மூன்றையும் என் செயலியில் செய்து பார்த்தேன், அது உங்களுடையது இல்லை. முதலாவதில் மார்ச் 31 சரியாக வந்தது. இரண்டாவதில் 20 நாள். மூன்றாவதில் இரண்டும் கிடைத்தன. நானும் இன்றே அவர்களுக்கு எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

#20 கூழாங்கல்

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்று காலை பதில் வந்தது. முதலாவதும் மூன்றாவதும் பிழை என்று ஒத்துக்கொண்டு பதிவு எண் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது ‘வசதிக் கோரிக்கை’யாம், பரிசீலிப்பார்களாம். பிழை இல்லையாம். அது பிழைதான் என்று அப்பாவின் ஊசி அட்டையில் உள்ள தேதிகளோடு திரும்ப எழுதியிருக்கிறேன்.

#21 இரவுப்பணி

நேற்று இரவு ஆறு நினைவூட்டல் வைத்திருந்தேன். ஆறும் நேரத்துக்கு அடித்தன. நெடுங்கணக்கு அண்ணா, ரொம்ப நன்றி.